பெயர் மட்டும் பெர்சுமா இல்லை

1

போன மாதம், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கிற சிவப்பு அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் பதிவு இலாகாவுக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் "சுடலை, சுடலை" என்று கூப்பிட்டாள். எழுந்து போனேன். சுடலை என் அப்பா. வள்ளியூருக்கு அந்தப் பக்கம் பஸ் ஏறியறியாத மனுஷன். செத்தும் ரொம்ப காலம் ஆயிற்று. எனக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்த ஏஜெண்டு ஃபாரத்தில் அப்பா பெயரை எழுத வேண்டிய இடத்தில் என் பெயரையும், என் பெயரை எழுத வேண்டிய இடத்தில் அப்பா பெயரையும் எழுதிவிட்டான். அன்றிலிருந்து இந்த நாட்டில் ஆஸ்பத்திரி, பேங்கு, இமிகிரேஷன் எல்லா இடத்திலும் நான் சுடலை. இசக்கிமுத்து என்ற என் பெயர் என் கம்ப்யூட்டர் கடை போர்டில் மட்டும்தான் இருக்கிறது.

அதனால்தான் போர்டைப் பதினாறு அடிக்கு வைத்தேன். சுங்கைப் பட்டாணியில் எங்கள் வரிசையில் அவ்வளவு பெரிய போர்டு வேறு யாருக்கும் கிடையாது. லங்காவிக்குப் படகு பிடிக்கக் கோலா கெடாவுக்கு ஓடுகிற வெளியூர்க்காரர்கள்கூட வண்டியை மெதுவாக்கிப் படித்துவிட்டுப் போவார்கள்.

நான் இங்கே வந்து முப்பது வருஷம் ஆனதை வைத்து ஊர்ச் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னீர்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் எப்படி முன்னேறினான் என்று எழுதலாம் என்றுதான் இருந்தேன். எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் இந்த ஒன்பது மாதமாக எனக்குப் பெயர் விவகாரம் தவிர வேறு எதுவும் மண்டையில் ஓடவில்லை. அதையே எழுதுகிறேன்.

2

நான் வந்து இறங்கியபோது எனக்கு மலாய் தெரியாது. இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். ஒரு சாப்பாட்டுக் கடையில் தேநீர் ஆற்றும் வேலை. கடை வாசலில் நின்று பார்த்தால் எதிரே ஒரு போர்டில் PERCUMA. பக்கத்து மைதானத்தில் கார் நிறுத்துகிற இடத்தில் PERCUMA. பெட்ரோல் பங்கில், டயர் கடையில், பல் ஆஸ்பத்திரியில், எங்கே பார்த்தாலும் PERCUMA. நடுவில் இருக்கிற C-யை விட்டுவிட்டு நான் 'பெருமா' என்று படித்தேன். கடைசியில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார்கள், பெருமாள்தான் என்று முடிவு கட்டினேன். யாரோ நம்ம ஊர்க்காரர், பெருமாள் என்று ஒருத்தர், இந்த ஊரில் பாதியை வாங்கிப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். அவரைப் பார்த்து வேலை கேட்க வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு டயர் கடைக்குப் போனேன்.

"பெருமாள் முதலாளி எங்கே?" என்றேன், போர்டைக் காட்டி.

அங்கே இருந்த தமிழ் ஆள் டயரை உருட்டி விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். "தம்பி, அது பெர்சுமா லா. காசு இல்லாம தர்றதுக்கு மலாய்ல பெர்சுமான்னு பேரு. காத்து பெர்சுமா, பார்க்கிங் பெர்சுமா. ஒன்னய மாதிரி வந்தவன் எவனும் இப்படி முதலாளியத் தேடி வந்ததில்ல."

அன்றைக்கு அவமானமாக இருந்தது. இருந்தாலும் ஒன்று சொல்வேன். அன்றைக்கு வேலை கேட்டுப் போனேனே, அதே டயர் கடைக்காரன்தான் கூலிமில் ஒரு சீன முதலாளியின் பழைய இரும்புக் கடைக்கு என்னைச் சேர்த்துவிட்டான். கூலிமில் பெரிய பெரிய ஃபேக்டரிகள். அங்கிருந்து கழித்த கம்ப்யூட்டர்கள் லாரி லாரியாக வரும். மற்றவர்கள் சுத்தியலை எடுத்து உடைத்துச் செம்பு எடுப்பார்கள். நான் ஒருத்தன்தான் உடைப்பதற்கு முன்னால் கரண்டு கொடுத்துப் பார்த்தவன். பத்தில் மூன்று விளக்கு எரிந்து ஓடியது. அந்த மூன்றில் இருந்து ஆரம்பித்ததுதான் இன்றைக்குப் பதினாறு அடி போர்டு. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

3

யாரும் சொல்லித் தரவில்லை என்று எழுதியதும் பாக்கியத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

பாக்கியம் என் சம்சாரம். பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். கூலிம் ஃபேக்டரியில் ஷிஃப்டு வேலை. கம்பெனி பஸ் இரும்புக் கடை வாசலில்தான் நிற்கும். ஒருநாள் இறங்கி வந்து, "அண்ணே, இதுல எரியுறது எது?" என்று கேட்டாள். அப்படித்தான் பழக்கம். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம். வெளிநாட்டுக்காரன் என்பதால் எனக்கு விசா அவள் பெயரில்தான் வந்தது. வருஷா வருஷம் அவள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு இந்த ஊர். கடை லைசென்சும் முதலில் அவள் பெயரில்தான். சிவப்பு அட்டை வந்த பிறகு என் பெயருக்கு மாற்றினேன். என் பெயருக்கு என்றால் சுடலை பெயருக்கு.

அவள் என் பெயரைச் சொல்ல மாட்டாள். தோட்டத்துப் பழக்கம். "இங்க பாருங்க", "மேனகா அப்பா" இவ்வளவுதான். மேனகா எங்கள் மகள். விசா ஆபீசில் "நாமா சுவாமி?" என்று புருஷன் பெயரைக் கேட்டால், பேனாவை வாங்கி எழுதிக் காட்டுவாள். ஒருமுறை பேனா கிடைக்காமல் என் சட்டைப் பையில் குத்தியிருந்த கடை பேட்ஜைக் காட்டினாள். ஃபாரத்தில் சுடலை, பேட்ஜில் இசக்கிமுத்து. கவுண்டரில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் எரிந்தால் மட்டும் போதாது. உள்ளே அதை ஓட்டுகிற ஒன்று வேண்டும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பார்கள். காசு கொடுத்து வாங்கினால் பழைய கம்ப்யூட்டர் பெட்டியின் விலையைவிட அது ஜாஸ்தி. திருட்டுக் காப்பி போட்டு விற்றவர்கள் கடைக்கு அதிகாரிகள் வந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்போது பாக்கியம்தான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். வெளிநாட்டில் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டது. அதற்கு ஒரு பெயர் உண்டு, ஒரு படமும் உண்டு. இங்கே அதை எழுத மாட்டேன். அந்தப் பெயரை நான் வேண்டிய அளவுக்கு எழுதியாகிவிட்டது.

அதில் தமிழ் அரைகுறையாக இருந்தது. பாக்கியம் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டுக் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து அதைத் தமிழாக்கினாள். எத்தனை வருஷம் என்று நான் எண்ணவில்லை. அவளுடைய தமிழ் தோட்டத்துத் தமிழ். எழுத்துத் தப்பாக அடித்தால் "மறுபடி பாருங்க" என்று சொல்லும். முதலில் திறக்கும்போது உங்கள் பெயரைக் கேட்கும். அடித்தால், "வாங்க" என்று சொல்லி உங்கள் பெயரைச் சொல்லும்.

எனக்கு அந்த 'வாங்க' சரியாகப் படவில்லை. சாப்பாட்டுக் கடை மாதிரி இருந்தது. அதை எடுத்துவிட்டு, "இசக்கிமுத்து கணினி தங்களை அன்புடன் வரவேற்கிறது" என்று போட்டேன். பின்னால் தெரியும் படத்தையும் மாற்றினேன். கோட்டுப் போட்டு நான் எடுத்த படம். நல்ல படம். தயாரிப்பு என்ற இடத்தில் என் பெயர். பெட்டிக்கு வெளியே அந்த வெளிநாட்டுப் பெயரும் படமும் பெரிதாக, ஏனென்றால் அதைத்தான் படித்தவர்கள் கேட்பார்கள்.

பாக்கியம் பார்த்தாள். பின்பக்கம் போய்த் தன் வேலையைப் பார்த்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் செமிலிங்கில் அவள் அக்காவுக்கு முட்டியில் ஆபரேஷன். கூட இருக்கப் போனாள். இன்னும் வரவில்லை. சண்டை எதுவும் கிடையாது. ஊரில் கேட்பவர்களுக்கு அக்காவைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்றுதான் சொல்லி வந்தேன். இப்போதும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

4

ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஒரு மின்னஞ்சல் வந்தது. இங்கிலீஷ். அந்த வெளிநாட்டுக்காரர்களிடமிருந்து. சுங்கைப் பட்டாணியில் இருக்கிற என் கடை அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாலு கடைக்காரர்களிடம் காட்டினேன். பிறகு மேனகாவுக்கு அனுப்பினேன். அவள் சிங்கப்பூரில் இருக்கிறாள். போனில் படித்துச் சொன்னாள். அவள் பேச்சில் தமிழ் இப்போது கம்மி.

"பா, அவங்க ரொம்ப போலைட்டா எழுதியிருக்காங்க. பட் நீங்க அவங்க நேம் யூஸ் பண்ணக் கூடாதாம்."

"ஏன்? அதுதான் ஃப்ரீன்னு அவங்களே சொல்றாங்களே."

"சாஃப்ட்வேர் ஃப்ரீ பா. நேம் ஃப்ரீ இல்ல."

"ஃப்ரீன்னா எல்லாம் ஃப்ரீதான."

"ஃப்ரீன்னா காசு இல்லங்கிறது இல்ல பா. ஃப்ரீடம். சுதந்திரம். நீங்க மாத்தலாம், விக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம். பட் மாத்தினதுக்கப்புறம் அது அவங்களோடது இல்ல. ஸோ அவங்க நேமும் லோகோவும் போடக் கூடாது. ஒண்ணு, எதையும் மாத்தாம அப்படியே குடுக்கணும், அப்ப அவங்க நேம் போடலாம். இல்ல, மாத்திட்டு உங்க சொந்த நேம் வெச்சுக்கணும். அவ்ளோதான்."

"நாட்டுக்குச் சுதந்திரம்னா தெரியும். கம்ப்யூட்டருக்கு என்ன சுதந்திரம்?"

"மலாய்ல ரெண்டு வேர்ட் இருக்குல்ல பா. பெர்சுமா வேற, பெபாஸ் வேற."

பெபாஸ் என்றால் விடுதலை. ஜெயிலிலிருந்து விட்டால் பெபாஸ். நான் முப்பது வருஷமாக ஒரு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கிறேன்.

"எனக்கு மீட்டிங் இருக்கு பா" என்று வைத்துவிட்டாள். 'அம்மா எப்படி இருக்கா' என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் தினமும் பேசிக்கொள்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

கடிதத்தில் திட்டு எதுவும் இல்லை. தயவுசெய்து என்று மூன்று இடத்தில் இருந்தது. திட்டியிருந்தால் நானும் திட்டி எழுதியிருப்பேன்.

5

அந்த நேரத்தில் ஒரு பெரிய ஆர்டர் கையில் இருந்தது. மூன்று தோட்டத் தமிழ்ப் பள்ளிகளின் பெற்றோர் சங்கம் சேர்ந்து நாற்பது பெட்டி கேட்டிருந்தார்கள். பள்ளி லீவு முடிவதற்குள் இறக்கிவிட வேண்டும். இந்த வட்டாரத்தில் தமிழில் ஓடுகிற பெட்டி என்னிடம் மட்டும்தான் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்காமல் வேறு யார் கொடுப்பது? ஆகவே லீவு முடிவதற்குள் ஒரு பெயர் வேண்டும்.

கடைக்கு மாடியில் ஹமீது பாய் ஆபீஸ். ஃபாரம் நிரப்புகிறவர். கம்பெனி பதிவு, வர்த்தக முத்திரை, லைசென்ஸ் எல்லாம் பார்ப்பார். பள்ளிவாசலிலிருந்து வந்து தொப்பியை மடித்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தபோது போனேன்.

"பாய், பேர் முடிவாயிடுச்சு. பெர்சுமா."

"என்னது?"

"பெர்சுமா ஓ.எஸ். ஊரெல்லாம் ஏற்கெனவே போர்டு இருக்கு. விளம்பரத்துக்குச் செலவே இல்ல."

டயர் கடைக் கதையையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"அண்ணே, பெர்சுமாங்கிறது எல்லாரோட வார்த்த. அத ஒருத்தர் பேர்ல எழுதிக் குடுத்தா நாளைக்கு டயர் கடைக்காரன் காத்து பெர்சுமான்னு போர்டு வைக்க ஒங்ககிட்ட வந்து கேக்கணும். குடுக்க மாட்டாங்க. அதோட இன்னொண்ணு. மலாய்க்காரங்க பெர்சுமா சஜான்னா என்ன சொல்றாங்க தெரியும்ல?"

"தெரியும்." வீண், ஒன்றுக்கும் ஆகாது என்று அர்த்தம். அவ்வளவு வருஷத்தில் அதையும் கற்றுக்கொண்டிருந்தேன். அவசரத்தில் மறந்துபோனது.

"அப்ப என் பேர். இசக்கி."

"வைக்கலாம். ஆனா அட்டையில நீங்க சுடலை. போர்டுல இசக்கி. ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு மொதல்ல சத்தியப் பத்திரம் எழுதணும். உங்க ஊர்லேர்ந்து பிறப்புச் சான்று வரணும்."

வள்ளியூரில் என் பிறப்புச் சான்று எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். எங்கள் அம்மா என்னைப் பெற்றது வயக்காட்டில்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அண்ணே, ஒண்ணு கேக்குறேன். சனங்க வந்து கேக்கும்போது எந்தப் பேரச் சொல்லிக் கேக்குறாங்க? அதுதான் உண்மையான முத்திரை. பேப்பர்ல எழுதுறது அதுக்கப்புறம்தான்."

சரியாக அதே நேரம் பார்த்து மாலா டீச்சர் போன் செய்தார். மூன்று பள்ளிகளில் ஒன்றின் தலைமையாசிரியை. பெயர் மாற்றப் போகிறேன் என்று சொன்னேன்.

"அய்யோ அண்ணே, இப்ப போய் மாத்தாதீங்க லா. மீட்டிங்ல எழுதிக் கையெழுத்தாயிருச்சு. பாக்கியம் கம்ப்யூட்டர் நாப்பதுன்னு."

"யார் அப்படி எழுதினது?"

"யாரு எழுதினதா? எல்லாரும் அப்படித்தானே சொல்வோம். பாக்கியம் அக்கா போட்டது. அக்கா பள்ளிக்கு வந்து எங்களுக்கு ரெண்டு நாள் காட்டிக் குடுத்தாங்கள்ல. வேற பேருன்னா திரும்ப மீட்டிங் கூட்டணும் அண்ணே. தலைவர் ஊர்ல இல்ல."

போனைச் சத்தமாக வைத்திருந்தேன். ஹமீது பாய் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தொப்பியை எடுத்து மடிப்பை நீவினார்.

"நல்ல பேரு அண்ணே. பாக்கியம். ஆனா உயிரோட இருக்கிற ஆளு பேரு. அவங்க சம்மதம்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. சம்சாரம்தான, ஒரு நிமிச வேல."

என் போர்டு பதினாறு அடி என்று எழுதினேன். அதில் அவள் பெயர் கிடையாது. ஆனால் வாசலில் வந்து கேட்பவர்கள் அவள் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்கள். "அண்ணே, பாக்கியம் கம்ப்யூட்டர் இருக்கா?" என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள். அவள் இருக்கிறாளா என்று கேட்கிறார்கள் என்று நினைத்து, "பின்னால இருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

6

சம்மதப் பத்திரத்தை அடித்து எடுத்துக்கொண்டு செமிலிங்குக்குப் போனேன். புது கார்தான். அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினால் தெருவே பார்க்கும்.

கதவைத் திறந்தது பாக்கியத்தின் அக்கா. ஆபரேஷன் ஆன அக்கா. திறந்துவிட்டு நன்றாகவே நடந்து உள்ளே போனார்.

பாக்கியம் சாப்பாட்டு மேசையில் ஒரு கருப்பு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கீல் உடைந்தது என்று நான் கழித்துப் போட்டது. கயிறு கட்டி நிமிர்த்தி வைத்திருந்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

பத்திரத்தை அவள் பக்கம் தள்ளினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். கண்ணாடி புதுசு.

"என் பேர வைக்கப் போறீங்களா?"

"ஆமா. பெட்டிமேல பெரிசா. மூணு பள்ளிக்கூடம். ஒனக்குப் பெருமைதான."

"இத்தன வருசம் இந்தப் பேரு எங்க இருந்துச்சு?"

"அப்ப தேவப்படல. இப்ப சனங்க ஒம் பேரச் சொல்லித்தான் கேக்குறாங்களாம். ஹமீது பாய் சொல்றாரு."

"எனக்குத் தெரியும். ஒங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு."

அக்கா தே-ஓ கொண்டுவந்து வைத்தார். பால் இல்லாத தேநீர். நான் பால் விட்டுத்தான் குடிப்பேன் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பாக்கியம் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். அந்த வெளிநாட்டு சிஸ்டம்தான். எதையும் மாற்றாதது. அதில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். வரிசையாகப் பெயர்கள். எந்தெந்த நாட்டுப் பெயரோ. விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினாள். தமிழ் என்று இருந்தது. அதற்குக் கீழே PACKIAM A/P RENGASAMY. ரெங்கசாமி மகள் பாக்கியம்.

"இது என்ன?"

"நான் செஞ்ச தமிழ அவங்களுக்கு அனுப்பினேன். கொஞ்ச நாள் அது சரியில்ல இது சரியில்லன்னாங்க. வாங்கங்கிறத மட்டும் மாத்த மாட்டேன்னு சொன்னேன். அப்புறம் எடுத்துக்கிட்டாங்க. இப்ப உலகத்துல யாரு தமிழ்ல போட்டாலும் என்னோடதுதான் வரும்."

"காசு குடுத்தாங்களா?"

"இல்ல. பெர்சுமாதான்."

"பெறகு?"

"பேரு போட்டாங்க."

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. நான் தே-ஓவைக் குடித்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது.

"நம்ம கடையப் பத்தி அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான்தான் எழுதிக் கேட்டேன்."

"என்னன்னு?"

"என் தமிழ எடுத்து, மேல வேற ஒருத்தர் பேரும் போட்டோவும் போட்டு, பெட்டியில அவங்க வெளிநாட்டுப் பேரையும் போட்டு விக்கிறது சரியான்னு கேட்டேன்."

"வேற ஒருத்தரா? புருசன்னு எழுதலியா?"

"எழுதல. அதுல அதுக்கு எடம் இல்ல."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஊசி போட்ட பிறகு பல் டாக்டர் கன்னத்தைத் தட்டிப் பார்ப்பாரே, அந்த மாதிரிதான் இருந்தது. தட்டுவது தெரிகிறது, வலி தெரியவில்லை.

"இப்ப கையெழுத்துப் போடுவியா மாட்டியா?"

"மேனகா அப்பா, நான் செஞ்சத எடுத்துக்குங்க. வேணாங்கல. எப்பவும் வேணாம்னு சொன்னதில்ல. விக்கலாம், மாத்தலாம், என்ன வேணா பண்ணுங்க. பேரு மட்டும் என்னோடது."

கடிதத்தில் இருந்ததும் அதுதான். இவள் தமிழில் சொன்னாள். தயவுசெய்து என்பது மட்டும் இல்லை.

"நாப்பது பெட்டி நிக்குது பாக்கியம். பிள்ளைங்களுக்கு."

"நிக்க வேணாம். எதையும் மாத்தாம அப்படியே போட்டுக் குடுங்க. அவங்க பேர்லயே போகும். தமிழும் உள்ள இருக்கு. யார் கையெழுத்தும் வேணாம்."

"அப்ப என் படம்?"

"எடுத்துடணும்."

"வரவேற்கிறதுன்னு போட்டது?"

"அதையும்தான்."

பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தேன். எழுந்திருக்கும்போது, "எப்ப வர்ற?" என்று கேட்டேன்.

"அக்காவுக்கு முட்டி சரியாகட்டும்" என்றாள்.

அக்கா காலிக் கிளாசை எடுக்கக் குனிந்து, நிமிர்ந்து, போனார்.

7

நாற்பது பெட்டியிலும் நானே உட்கார்ந்து என் படத்தை எடுத்தேன். ஒவ்வொன்றிலும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அழிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கோட்டுப் போட்டுக்கொண்டு நான் வருவேன். 'அழிக்கலாமா?' என்று கேட்கும். சரி என்று தட்டுவேன். பத்துப் பன்னிரண்டுக்குப் பிறகு யாரோ ஒரு ஆள் படம் மாதிரிதான் இருந்தது. இந்த வேலையை இந்த வயதில் நாலு நாளில் முடித்தவன் இந்த வரிசையில் நான் மட்டும்தான் இருப்பேன்.

பள்ளியில் இறக்கியபோது மாலா டீச்சர் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணே, வேற பேர்ல இருக்கே. பாக்கியம்னு போடலியா?"

"போடக் கூடாது டீச்சர். ஆனா அவ செஞ்சதுதான் உள்ள இருக்கு."

"அப்ப நாங்க பாக்கியம் கம்ப்யூட்டர்னே சொல்லிக்கிறோம். வாயால சொல்றதுக்கு யாரும் கேஸ் போட மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

"மீட்டிங் புக்குலயும் அப்படியே இருக்கட்டும் லா. தலைவர் அதெல்லாம் தெறந்து பாக்க மாட்டாரு."

ஹமீது பாயிடம் விண்ணப்பம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 'ஒரு நிமிஷ வேலை என்றேனே' என்று அவர் சொல்லவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

கடையில் என் சொந்தக் கம்ப்யூட்டர் ஒன்று பாக்கி இருந்தது. அதிலும் பழையதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கெடாவில் வெள்ளிக்கிழமை வாராந்தர விடுமுறை. மத்தியானம் எங்கள் வரிசையில் பாதிக் கடை அடைத்திருக்கும், ஆள் வராது. அந்த நேரத்தில் அதையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். கேட்ட கேள்விக்கெல்லாம் சரி, சரி என்று தட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில் பெயரைக் கேட்டது. பள்ளிப் பெட்டிகளுக்கு எல்லாம் பள்ளிப் பெயரை அடித்திருந்தேன். இதற்குச் சுடலை என்று அடிக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அட்டையில் அப்படித்தானே இருக்கிறது. பிறகு என் பெயரையே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன்.

திரை கருப்பாகி, மறுபடி வெளிச்சம் வந்தது.

"வாங்க, இசக்கிமுத்து" என்றது.

அவள் எழுதி வைத்ததுதான். பெயர் நான் அடித்தது. யார் அடித்தாலும் அப்படித்தான் சொல்லும் என்பது எனக்குத் தெரியும். செமிலிங்கில் கயிறு கட்டி வைத்திருக்கிற அந்த மடிக்கணினி "வாங்க, பாக்கியம்" என்று சொல்லியிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் அந்த எழுத்து தானாகப் போய்விட்டது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். பெயரை ஒரு தடவைதான் கேட்குமாம், ஒரு தடவைதான் சொல்லுமாம். திரும்பச் சொல்லவில்லை.